பாதியில் கிளம்பிப் போகும் மிலிட்டரிக்காரர்கள்

எங்கள் கம்பைநல்லூர் பக்கம் "மிலிட்டரிக்காரர்" என்று சொன்னால் உடனே ஒரு உருவம் மனதில் வந்து நிற்கும். முறுக்கின மீசை, கறுப்பு டிரங்குப் பெட்டி, விடியற்காலை நடை, மாசம் தவறாத பென்ஷன். கல்யாண வீடு, கோயில் திருவிழா எங்கே போனாலும் அவருக்கு ஒரு நாற்காலி காத்திருக்கும். இன்னொரு பேச்சும் உண்டு. "மிலிட்டரி சரக்கு" எந்த வீட்டில் கிடைக்கும் என்று விசாரிக்கிற பேச்சு. இரண்டையும் சிரித்துக்கொண்டே பேசுவோம்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடியால் குடும்பம் கைவிட்டு, அல்லது குடும்பத்தை இவர் கைவிட்டு, பஸ் ஸ்டாண்டிலும் கோயில் மண்டபத்திலும் படுத்துக்கொள்ளும் முன்னாள் ராணுவத்தினர். யாராவது மனமிரங்கி போதை மீட்பு மையத்தில் சேர்த்துவிட்டால் பத்து நாளில் கிளம்பி வந்துவிடுவார். ஊர் உடனே தீர்ப்பு சொல்லிவிடும்: "அவன் திருந்தாத ஜென்மம். எத்தனை தடவை சேர்த்தாலும் அவ்வளவுதான்."

இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். சிகிச்சையை ஒருவர் முடிப்பதும் பாதியில் விடுவதும் அவருடைய மன உறுதியைப் பொறுத்தது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். கொஞ்சம் படித்துப் பார்த்தால் வேறு விஷயங்கள் தெரிகின்றன. படுக்க இடம், கையில் இருக்கும் காகிதம், கூட இருக்கும் ஆள், மையத்தில் நடத்துகிற விதம், வெளியே வந்தால் போக ஒரு இடம். இவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட குடித்தவரின் கையில் இல்லை. எல்லாம் நம் கையிலும் அரசாங்கத்தின் கையிலும் இருப்பவை.

முதலில் கொஞ்சம் கணக்கு

2019 இல் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் எடுத்த ஆய்வை மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் உதவி தேவைப்படும் அளவுக்குக் குடி பிரச்சினையாகிவிட்டது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு உதவி கிடைத்ததாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

ஆக, ஒருவர் மையத்தின் வாசல் வரை வந்து சேருவதே பெரிய விஷயம். வந்தவர் பாதியில் போய்விட்டால் நாம் இழப்பது அந்த 180 இல் ஒருவரை.

இவர்களில் முன்னாள் ராணுவத்தினர் எத்தனை பேர்? அவர்களில் வீடில்லாதவர் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர் என்று எண்ணினார்கள். "நீங்கள் ராணுவத்தில் இருந்தீர்களா?" என்று அவர்களிடம் ஒரு கேள்வி இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஓர் இரவு தெருவிலும் தங்குமிடங்களிலும் இருப்பவர்களை எண்ணும்போது இதையும் கேட்கிறார்கள். 2010 இல் அங்கே வீடற்ற முன்னாள் ராணுவத்தினர் சுமார் 74,000 பேர். 2024 இல் சுமார் 33,000 பேர். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. எப்படிக் குறைந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். எண்ணத் தொடங்கியதால்தான் குறைப்பதைப் பற்றியும் யோசிக்க முடிந்தது என்பதை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடித்ததற்குத் தண்டனை, அதோடு சிகிச்சையும் போச்சு

நம் ஊர்ச் சிப்பாய் 18, 19 வயதில் சேர்கிறார். 15 வருடம் முடித்தால் பென்ஷன். அதாவது 35, 40 வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார். அதுவரை எழுந்திருக்க ஒரு நேரம், சாப்பிட ஒரு நேரம், கூப்பிட்டால் போய் நிற்க ஒரு இடம் என்று எல்லாமே யாரோ வகுத்துக் கொடுத்தது. ஊருக்கு வந்ததும் கடிகாரமே இல்லாத வாழ்க்கை. வருடத்துக்கு இரண்டு மாத லீவில் விருந்தாளி மாதிரி வந்துபோன வீட்டில் இப்போது நிரந்தரமாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அப்பா பழக்கமில்லை. மனைவிக்கு எல்லாவற்றையும் தனியாகச் செய்து பழகிவிட்டது. பெரும்பாலானோர் இதைக் கடந்துவிடுகிறார்கள். சிலரால் முடிவதில்லை.

அந்தச் சிலரில், ராணுவத்திலேயே குடி முற்றிப்போனவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ராணுவத்தில் பெரிய தண்டனைகளைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதுவார்கள். நான்கு சிவப்புப் பதிவுகள் சேர்ந்தால் ஒருவரை வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட வழிசெய்யும் சுற்றறிக்கை 1988 இல் வந்தது. குடித்துவிட்டு வந்தது, லீவு முடிந்து தாமதமாக வந்தது என்பவையும் இந்தப் பதிவுகளுக்குள் வரும். பதினைந்து வருடம் முடியும் முன்பே இப்படி அனுப்பப்பட்டவருக்குப் பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லாவிட்டால், 2003 இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. நலத் திட்டங்களுக்கான "முன்னாள் படைவீரர்" என்ற வரையறைக்குள்ளும் இவர்களில் பலர் வரமாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். எந்த நோய்க்காக ஒருவரை அனுப்பினோமோ, அந்த நோய்க்கான மருத்துவ வசதியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறோம்!

2015 இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிச் சொன்னது முக்கியமானது. நான்கு சிவப்புப் பதிவுகள் இருக்கின்றன என்பதற்காக மட்டும் இயந்திரம் போல ஒருவரை வெளியே அனுப்பக் கூடாது. குற்றத்தின் தன்மை, எத்தனை வருடம் பணியாற்றினார், எவ்வளவு கடினமான இடங்களில் இருந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட்டு டில்லி வரை போகிறவர் எத்தனை பேர்? பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர் போகமாட்டார்.

பென்ஷன் உள்ளவருக்கும் சிக்கல் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் பென்ஷன் நின்றுவிடும். ராணுவப் பென்ஷன் எல்லாம் இப்போது "ஸ்பர்ஷ்" என்னும் இணையதளத்துக்கு மாறிவிட்டது. போனைத் தொலைத்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தொலைத்து, ஏ.டி.எம். கார்டை வட்டிக்குக் கொடுத்தவரிடம் அடகு வைத்தவர், உயிரோடு இருப்பதை எங்கே போய் நிரூபிப்பார்?

முதல் வாரம்: உடம்பு

சிகிச்சையை விட்டுப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் முதல் சில நாட்களிலேயே போய்விடுகிறார்கள். இதற்குக் காரணம் உடம்பு.

வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இடம் நேரம் தெரியாமல் பிதற்றுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மருந்து இருக்கிறது. தயமின் என்னும் வைட்டமின் ஊசியும், நடுக்கத்தையும் வலிப்பையும் கட்டுப்படுத்தும் மாத்திரைகளும் மருத்துவரின் மேற்பார்வையில் கொடுத்தால் அந்த வாரத்தைக் கடத்திவிடலாம். "மனசு வெச்சா இன்னைக்கே நிறுத்தலாம்" என்று அறிவுரை சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மனசு வைத்து ஒரே நாளில் நிறுத்தியதாலேயே செத்தவர்கள் உண்டு.

மருத்துவர் இல்லாத மையத்தில், மருந்தில்லாமல், ஓர் அறையில் போட்டுப் பூட்டி "கஷ்டப்பட்டால்தான் புத்தி வரும்" என்று விட்டால் யார்தான் தங்குவார்கள்? அங்கிருந்து ஓடுகிறவர் உயிர் பிழைக்க ஓடுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சேர்க்க "கூட ஆள் யாரு?" என்று கேட்பது வழக்கம். மாத்திரை வாங்கி வர, டீ வாங்கி வர, ராத்திரி பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பது நடைமுறை நியாயம்தான். ஆனால் வீடும் உறவும் இல்லாதவர் யாரைக் கூட்டி வருவார்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, குடியினால் வரும் மனநோய்களையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. வயது வந்த ஒருவர் தானாகவே வந்து சேர்க்கும்படி கேட்கலாம் என்றும் சொல்கிறது. சட்டம் திறந்து வைத்த கதவை "கூட ஆள்" என்ற ஒரு கேள்வி மூடிவிடுகிறது.

இரண்டாம் வாரம்: யோசனை

நடுக்கம் நின்று, சோறு இறங்கி, முகம் தெளிந்த பிறகுதான் நிஜமான சோதனை தொடங்குகிறது. அதுவரை குடி மறைத்து வைத்திருந்த எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். கடன். பிரிந்து போன மனைவி. பேச மறுக்கும் மகன். சிலருக்குப் பணியில் கண்ட சாவுகள். தூக்கம் வராது, வந்தாலும் கெட்ட கனவு. குடி நின்ற பிறகும் தூக்கக் கோளாறு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். குடியை மட்டும் பார்த்து, அதனோடு ஒட்டியிருக்கும் மனச்சோர்வையும் பயத்தையும் பார்க்காத மையத்தில், நோயாளி தனக்குத் தெரிந்த ஒரே தூக்க மருந்தைத் தேடிப் போய்விடுவார்.

பிழைப்பும் உறுத்தும். ராணுவத்திலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள். தனியாக இருப்பவருக்கு வேலை செய்யும் இடத்திலேயே ஒரு மூலையில் படுக்க இடம் கிடைக்கும். ஒரு மாதம் சிகிச்சைக்கு என்று போனால் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும். வேலையோடு படுக்கையும் போகும். இரண்டாவது வாரத்தில் இவர் "நான் போகணும்" என்று பிடிவாதம் பிடித்தால், மறுபடி குடிக்கத்தான் துடிக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படுக்கை போய்விடுமே என்று பயந்துகூட இருக்கலாம்.

எத்தனை நாள் தங்கினால் பலன்? 1970களிலிருந்து அமெரிக்காவில் போதை சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: மூன்று மாதத்துக்குக் குறைவான சிகிச்சைக்குப் பலன் குறைவு, அதற்கு மேல் கூடக்கூடப் பலனும் கூடும். இங்கே பல மையங்களில் ஒரு மாதம்தான் கணக்கு. மூன்று மாதமும் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஒரு மாதம் உள்ளே, மீதி வெளியிலிருந்து வந்துபோவது என்றாலும் சரிதான். ஆனால் வந்துபோக முதலில் ஓர் இடம் வேண்டுமே?

இடம் மாறினால் ஆளும் மாறுவான்

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வைச் சொல்லியாக வேண்டும். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று 1971 இல் அந்த நாடே பதறியது. லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர், அந்த வருடம் ஊர் திரும்பியவர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தார். வியட்நாமில் ஐந்தில் ஒருவர் போதைக்கு அடிமையாகியிருந்தார். ஆனால் அப்படி அடிமையானவர்களில் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் பேர்தான். மூன்று வருடத்தில் 12 சதவீதம். பெரும்பாலானோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே விட்டிருந்தார்கள். காட்டையும் குண்டுச் சத்தத்தையும் மலிவான ஹெராயினையும் விட்டு விலகி வீடு, வேலை, உறவு என்று வந்ததும் பழக்கம் கழன்றுவிட்டது.

ஹெராயின் வேறு, சாராயம் வேறுதான். ஆனால் நம் நிலைமை அதற்கு நேர் தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். மையத்திலிருந்து வெளியே வரும் மிலிட்டரிக்காரருக்கு முன்னால் இருப்பது என்ன? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டாஸ்மாக். பதவிக்கு ஏற்ற மாத கோட்டாவில், வெளி விலையைவிடக் குறைவாக, கேண்டீன் சரக்கு. கோட்டாவைத் தனக்கு விற்கச் சொல்லிக் காத்திருக்கும் நாலு பேர். வீடும் வேலையும் உறவும் இல்லை. அங்கே இடம் மாறியதால் பிழைத்தார்கள். இங்கே பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு அவரைத் திட்டுகிறோம்.

வீடு முதலா, திருந்துவது முதலா?

"குடிகாரனுக்கு வீடு கொடுத்தால் வீட்டையும் விற்றுக் குடிப்பான். முதலில் திருந்தட்டும், பிறகு பார்ப்போம்." இப்படிச் சொல்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மனைவியின் அல்லது மகளின் கண்ணீர் இருக்கும். குடும்பம் அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அடி வாங்கியவர்களுக்குக் கதவைச் சாத்தும் உரிமை உண்டு. அதனால்தான் வீடு என்ற பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் மட்டும் வைக்க முடியாது என்கிறேன்.

1992 இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தலைகீழாக யோசித்தார். முதலில் வீட்டுச் சாவி, பிறகு சிகிச்சை. திருந்தினால்தான் வீடு என்ற நிபந்தனை கிடையாது. 2004 இல் வெளியான இரண்டு வருட ஆய்வில், இப்படி வீடு பெற்றவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் வீட்டிலேயே நிலைத்தார்கள். மற்றவர்களைவிட இவர்கள் அதிகமாகக் குடிக்கவும் இல்லை. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: குறைவாகவும் குடிக்கவில்லை. வீடு குடியைக் குணப்படுத்தாது. ஆனால் சிகிச்சை வந்து கதவைத் தட்ட ஒரு முகவரி கிடைக்கிறது. மாத்திரை வைக்க ஓர் அலமாரி கிடைக்கிறது.

அமெரிக்க அரசு 2008 முதல் முன்னாள் ராணுவத்தினருக்கு வாடகை உதவியையும், ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனிக்க ஒரு பணியாளரையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தைப் பெரிதாக விரித்தது. 74,000 பாதிக்கும் கீழே போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பூட்டினால் தங்குவார்களா?

நம் ஊரில் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கேட்டைப் பூட்டிவிடுவது! 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகும் பாடம் முழுதாக ஏறவில்லை. போதை மறுவாழ்வு மையங்களில் அடி, உதை, சாவு என்ற செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017 சட்டம் சங்கிலியால் கட்டுவதை முழுமையாகத் தடை செய்திருக்கிறது.

இலங்கையில் ராணுவத்தினர் பொறுப்பில் இருந்த கந்தகாடு போதை மறுவாழ்வு முகாமிலிருந்து 2022 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் வேலியைத் தாண்டி ஓடினார்கள். பூட்டும் காவலும் ஆட்களை நிறுத்தி வைக்கலாம். சிகிச்சையில் நிறுத்தி வைக்காது.

முன்னாள் சிப்பாய்க்கு ஒழுங்கு பிடிக்காது என்று சொல்லவில்லை. எனக்கென்னவோ மற்றவர்களைவிட அவருக்குத்தான் நேர ஒழுங்கு நன்றாக ஒத்துவரும் என்று தோன்றுகிறது. காலையில் எழுப்பி, ஓடச் சொல்லி, தோட்ட வேலை கொடுத்தால் பழைய உடம்பு விழித்துக்கொள்ளும். ஆனால் ஒழுங்கு வேறு, அவமானம் வேறு. ஹவில்தாராக பத்துப் பேரை நடத்தியவரை "டேய்" என்று கூப்பிட்டால் அன்று ராத்திரியே சுவர் ஏறிக் குதிப்பார்.

கூட ஒரு ஆள்

2008 இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று தனி நீதிமன்றம் ஒன்று தொடங்கினார்கள். போதையால் சிறு குற்றங்களில் மாட்டியவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். இன்னொரு முன்னாள் ராணுவ வீரரைத் துணைக்கு அமர்த்துவார்கள். டாக்டர் சொல்லிக் கேட்காதவர், தன்னைப் போலவே எல்லையில் குளிரில் நின்ற ஒருவர் சொன்னால் கேட்பார் என்பதுதான் அதன் சூட்சுமம். இதைப் பார்த்துப் பிற ஊர்களிலும் இத்தகைய நீதிமன்றங்கள் நிறைய வந்தன.

இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் நம் பக்கத்து ஊர்களிலேயே இருக்கின்றன. குடியை விட்டு வருடக்கணக்கில் தெளிவாக இருக்கும் பழைய சிப்பாய்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் இணைக்க ஒரு போன் நம்பர் போதும்.

நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரியும் உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். சென்னைக்கு வர முடியாத ஏழைகளுக்காக, அந்த அமைப்பு பழைய தஞ்சை மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஆளைச் சேர்த்துவிட்டார்கள், குடும்பத்தாருக்கும் ஆலோசனை, முகாம் முடிந்த பிறகும் மாதாமாதம் தொடர்பு. ஊரே சேர்த்து அனுப்பி, ஊரே திரும்ப வரவேற்றால் பாதியில் ஓடுவது குறையும் என்பது எளிய உண்மை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017 இல் "லான்செட்" இதழில் வெளிவந்த ஆய்வும் இதையொட்டியதே. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் அதிகபட்சம் நாலு முறை உட்கார்ந்து பேசியதிலேயே, அளவுமீறிக் குடித்தவர்களில் கணிசமானோர் குறைத்தார்கள் அல்லது நிறுத்தினார்கள்.

நம் மாவட்டத்தில் என்ன செய்யலாம்?

கம்பைநல்லூரிலிருந்து ஒருவரை சிகிச்சைக்குக் கூட்டிப் போவதென்றால் தர்மபுரிக்குப் போக வேண்டும்; பெரிய சிக்கல் என்றால் பெங்களூர் நிம்ஹான்ஸ். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் செலவு. தமிழக அரசு 2025 பிப்ரவரியில் "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது நல்ல செய்தி. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன் தரும் "காக்கும் கரங்கள்" திட்டத்தை 2024 இல் அறிவித்தார்கள், அதுவும் நல்லதே. ஆனால் கடன் வாங்கத் தெம்புள்ளவருக்கும் தெருவில் கிடப்பவருக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் யாரும் பாலம் போடவில்லை. என் யோசனைகள் இவை:

1. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வருடத்துக்கு ஒரு முறை, பேரூராட்சிகளின் உதவியோடு, வீடில்லாத முன்னாள் ராணுவத்தினரை எண்ண வேண்டும். எண்ணும்போது பென்ஷன் உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் எண்ண வேண்டும்.

2. தனியாக வருபவரிடம் "கூட ஆள்" கேட்கக் கூடாது. அந்த இடத்தில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து ஒருவர் நிற்கலாம்.

3. சிகிச்சையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே காகித வேலையைத் தொடங்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தக நகல், ஆதார், உயிர்வாழ் சான்று. பென்ஷன் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒரு மனிதரைப் பத்து அறிவுரையைவிட அதிக நாள் தங்க வைக்கும்.

4. மாவட்டத் தலைநகரில் பத்துப் படுக்கையோடு ஒரு இடைக்கால இல்லம். சிகிச்சை முடிந்தவர் ஆறு மாதம் தங்கி வேலைக்குப் போய் வரலாம். ஒரு நாள் குடித்துவிட்டார் என்பதற்காக மூட்டையைத் தூக்கி வெளியே வீசக் கூடாது.

5. கேண்டீன் கோட்டா வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தால் அதை நிறுத்தி வைக்க ஒரு வழி வேண்டும். மனம் தெளிவாக இருக்கும் நாளில் எடுத்த முடிவு, தெளிவில்லாத நாளிலும் அவரைக் காப்பாற்றும்.

6. குடித்ததற்காக பென்ஷன் இல்லாமல் அனுப்பப்பட்டவருக்குப் போதை சிகிச்சையாவது இ.சி.எச்.எஸ். வழியாகக் கிடைக்க வேண்டும். இது டில்லியில் முடிவாக வேண்டியது. கேட்க ஆரம்பிப்பதை இங்கிருந்தே செய்யலாம்.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்பீர்கள். பத்துப் படுக்கைக்கு ஆகும் செலவு ஒரு மாவட்டத்துக்குப் பெரிதல்ல. ஒரே ஆளை நாலு முறை சேர்த்து, நாலு முறையும் பாதியில் இழப்பதற்கும் செலவு ஆகத்தான் செய்கிறது. அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அவசரம் ஒன்று இருக்கிறது. 2022 இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் நாலு வருடத்தில், இளம் வயதிலேயே பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். அவர்கள் எல்லோரும் குடிக்கப் போகிறார்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள், இருக்க வேண்டும். ஆனால் தடுக்கி விழும் சிலருக்கு இப்போதுள்ள ஏற்பாட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்புகூட இல்லை.

ஒவ்வொரு டிசம்பர் 7 அன்றும் கொடிநாள். பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லா இடத்திலும் உண்டியல் வரும். நாமும் பத்தோ இருபதோ போட்டுவிட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வோம். அடுத்த கொடிநாளில் உண்டியலோடு வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நம் மாவட்டத்தில் வீடில்லாத முன்னாள் ராணுவத்தினர் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் இப்போது எங்கே? அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். நாலு கல்லூரியில் நாற்பது மாணவர்கள் இதே கேள்வியைக் கேட்டால், அடுத்த வருடம் யாராவது எண்ணிக்கொண்டு வருவார்கள்.